பள்ளியில் விலங்குத் துணைச் சிகிச்சை: பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாயைப் பள்ளிக்குக் கூட்டிவந்து பிள்ளைகளோடு விளையாட விடுவதற்குத்தான் இந்தப் பெயரா?

இல்லை. மூன்று வேறு வேலைகள் ஒரே பெயரில் புழங்குவதால் வரும் குழப்பம் இது. முதலாவது, சந்திப்பு. தேர்வு வாரத்தில் பழக்கப்பட்ட ஒரு நாயோடு ஒருவர் வருகிறார், பிள்ளைகள் தடவிக்கொடுக்கிறார்கள், மனசு லேசாகிறது. இதற்குத் தனி இலக்கோ பதிவேடோ கிடையாது. இரண்டாவது, கல்வி. ஆசிரியர் ஒரு பாடநோக்கத்துக்காக விலங்கைத் துணைக்கு வைத்துக்கொள்கிறார். மூன்றாவதுதான் சிகிச்சை. ஒரு குறிப்பிட்ட குழந்தை, அந்தக் குழந்தைக்கென்று எழுதிவைத்த இலக்கு, உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், இயன்முறை மருத்துவர் போன்ற தகுதி பெற்ற ஒருவர் நடத்தும் அமர்வு, ஒவ்வொரு முறைக்கும் குறிப்பு. மனித–விலங்கு உறவு அமைப்புகளின் சர்வதேசச் சங்கம் 2014-இல் வெளியிட்டு 2018-இல் திருத்திய அறிக்கையும் இப்படித்தான் பிரிக்கிறது.

ஓர் உதாரணம். வீட்டில் பேசி, பள்ளியில் வாயே திறக்காத ஏழு வயதுப் பெண் இருக்கிறாள். “நாயோடு சந்தோஷமாக இருக்க வேண்டும்” என்பது இலக்கு ஆகாது. “இரண்டு மீட்டர் தள்ளி நிற்கும் நாய்க்குக் கேட்கும்படி மூன்று கட்டளைகளைக் குரல் கொடுத்துச் சொல்ல வேண்டும்” என்பது இலக்கு. நாய் உட்கார்ந்தால் குரல் எட்டிவிட்டது என்று அவளுக்கே தெரியும், யாரும் பாராட்டத் தேவையில்லை.

உங்கள் பள்ளிக்கு இந்த மூன்றில் எது வேண்டும் என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள். முதலாவதை நடத்திவிட்டு மூன்றாவதன் பெயரைச் சூட்டும்போதுதான் பெற்றோர் ஏமாந்துபோகிறார்கள்.

இது எப்போது தொடங்கியது?

நியூயார்க்கில் குழந்தை உளவியலாளராக இருந்த போரிஸ் லெவின்சனிடம் ஒருநாள் ஒரு சிறுவனைக் குறித்த நேரத்துக்கு முன்பே அழைத்துவந்துவிட்டார்கள். அறையில் அவருடைய நாய் ஜிங்கிள்ஸ் இருந்தது. யாரோடும் ஒட்டாத அந்தச் சிறுவன் நாயோடு ஒட்டிக்கொண்டான். நாயை ‘உடன் சிகிச்சையாளர்’ என்று அழைத்து அவர் 1962-இல் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தத் துறை தன் கணக்கைத் தொடங்குகிறது.

உண்மையில் என்ன பயன்? ஆய்வுகள் எதைக் காட்டுகின்றன?

உறுதியாகச் சொல்லக்கூடியது, மன அழுத்தம் குறைகிறது என்பதுதான். 1983-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நாய் அறையில் இருந்தபோது குழந்தைகளின் இரத்த அழுத்தம் குறைவாக இருந்ததைப் பதிவு செய்தார்கள். சும்மா இருந்தபோது மட்டுமல்ல, சத்தமாக வாசித்தபோதும் அப்படித்தான் இருந்தது. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகக் குழு 2022-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கறாரானது. எட்டு முதல் பத்து வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் இருமுறை, 20 நிமிடம், நான்கு வாரம் நாயோடு அமர்வு. இன்னொரு பிரிவுக்கு அதே நேரத்துக்குத் தளர்வுப் பயிற்சி. மூன்றாவது பிரிவுக்கு எதுவும் இல்லை. உமிழ்நீரில் கார்ட்டிசால் என்ற அழுத்த ஹார்மோனை அளந்தார்கள். சாதாரணப் பள்ளிகளில் மற்ற இரு பிரிவுகளிலும் கல்விப் பருவம் நகர நகர அது ஏறியது. நாய்ப் பிரிவில் ஏறவில்லை. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளிடமும் நாயோடு இருந்தபின் குறைந்தது.

வகுப்பின் சூழலும் மாறுகிறது. வியன்னாவில் 24 முதல் வகுப்புப் பிள்ளைகளைக் கவனித்து 2003-இல் வெளியான ஆய்வில், வகுப்பில் நாய் இருந்த காலத்தில் முரட்டுத்தனமும் அடங்காத ஓட்டமும் குறைந்தன. ஒதுங்கியிருந்த பிள்ளைகள் கூட்டத்தில் சேர்ந்தார்கள். ஆண் பிள்ளைகளிடம் இந்த மாற்றம் கூடுதலாக இருந்தது. நாய் கவனத்தைச் சிதறடிக்கும் என்று பயப்படுபவர்களுக்கு அந்த ஆய்வு ஒரு பதில் தருகிறது: பிள்ளைகள் நாயை நிறையப் பார்த்தார்கள், ஆனாலும் ஆசிரியரை முன்னைவிட அதிகமாகக் கவனித்தார்கள்.

இந்தத் துறையின் பலவீனத்தையும் சொல்லியாக வேண்டும். பல ஆய்வுகள் சிறியவை. மருந்துச் சோதனையில் வெறும் மாத்திரை கொடுப்பதுபோல் இங்கே செய்ய முடியாது; அறையில் நாய் இருப்பது, குழந்தையின் மாற்றத்தை மதிப்பிடும் ஆசிரியருக்கும் தெரியும். மதிப்பெண் உயரும் என்றோ, மருந்தை நிறுத்திவிடலாம் என்றோ யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள்.

மனிதரால் முடியாததை ஒரு விலங்கு எப்படிச் செய்கிறது?

தொடுதலின் வெதுவெதுப்பும், அதோடு வரும் ஆக்ஸிடோசின் என்ற பாச ஹார்மோனின் சுரப்பும் ஒரு காரணம். அதைவிட முக்கியமாக நாங்கள் நினைப்பது வேறு. திக்கிப் பேசினாலும், எழுத்து தெரியாவிட்டாலும், நேற்று வகுப்பில் அடி வாங்கியிருந்தாலும் நாய்க்கு ஒன்றுதான். அதே சமயம் அது எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதும் இல்லை. கத்தினால் விலகும், மெதுவாகக் கூப்பிட்டால் வரும். தன் நடத்தைக்கு என்ன விளைவு என்பது அந்த நொடியிலேயே, கோபமோ உபதேசமோ இல்லாமல், குழந்தைக்குத் தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. சிறப்புத் தேவை உள்ள குழந்தை நாள் முழுக்க உதவி வாங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பும்போதும், ரோமத்தைச் சீவிவிடும்போதும்தான் உதவி கொடுக்கும் இடத்துக்கு வருகிறது.

அதற்கு மெத்தென்ற பொம்மை நாய் போதாதா?

போதாது. ஏழு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட, பெரியவர்களை எளிதில் நம்பாத சிறுவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வில், அழுத்தமான ஒரு பணியைக் கொடுத்து, பக்கத்தில் உயிருள்ள நாய், பொம்மை நாய், அன்பான ஒரு மனிதர் என ஏதேனும் ஒன்றை வைத்தார்கள். உயிருள்ள நாய் இருந்த பிரிவில்தான் கார்ட்டிசால் குறைவு. அதிலும் நாயை அதிகம் தடவியவர்களுக்கு இன்னும் குறைவு.

நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டுவது எப்படி நடக்கிறது?

1999-இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு தன்னார்வ அமைப்பு தொடங்கிய முறை இது. இன்று பல நாடுகளில் நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பத்து வாரம், வாரம் 20 நிமிடம் என்று நடத்திப் பார்த்தபோது, பெரியவருக்கு வாசித்தவர்களையும் கரடிப் பொம்மைக்கு வாசித்தவர்களையும் விட, நாய்க்கு வாசித்தவர்களின் புரிந்துகொள்ளும் திறன் மேலாக இருந்தது.

செய்முறை எளிது, ஆனால் சின்னச் சின்ன விஷயங்கள் முக்கியம். ஒரு நேரத்தில் ஒரே குழந்தை, 15 முதல் 20 நிமிடம். தரையில் வழுக்காத விரிப்பு. நாய் படுத்திருக்க, குழந்தை அதன் விலாப்பக்கம் உட்காரட்டும். தலைக்கு நேரே முகத்தோடு முகம் வைத்து உட்காரக் கூடாது. நாயைக் கையாள்பவர் மறுபக்கம், கழுத்துப்பட்டை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். புத்தகம் குழந்தையின் வாசிப்பு நிலைக்கு ஒரு படி கீழே. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இன்றைக்கு வேண்டாம்.

கையாள்பவர் திருத்தக் கூடாது. இது எளிதில் கைவராத கலை. குழந்தை ஒரு சொல்லில் நின்றுவிட்டால் ஐந்து வினாடி பொறுத்து, “அவனுக்கு அந்த வார்த்தை புரியல போல. இன்னொரு தரம் மெதுவாச் சொல்லிக் குடுக்கிறியா?” என்று கேட்கலாம். தெரியாதவன் நாய்தான், குழந்தை கற்றுக்கொடுப்பவன் ஆகிவிடுகிறான்.

இரண்டு இடங்களில் இது சறுக்கும். வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளை மட்டும் அழைத்தால், நாயிடம் போவதே ‘மக்கு’ முத்திரை ஆகிவிடும். நன்றாக வாசிப்பவர்களையும் கலந்து அனுப்புங்கள். அடுத்தது, நாய் தூங்கிவிடும். “நான் வாசிக்கிறது அதுக்குப் பிடிக்கல” என்று குழந்தை சுருங்கிப்போகும். நாய் பயமில்லாத இடத்தில்தான் தூங்கும் என்பதை முதல் நாளே சொல்லிவைத்துவிட வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இது உதவுமா?

சமூகத் தொடர்பில் உதவும் என்பதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2013-இல் வெளியான ஆய்வில், ஐந்து முதல் பதின்மூன்று வயதுவரையான 99 பிள்ளைகளை மூவர் மூவராகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் ஒரு குழந்தைக்கு ஆட்டிசம், மற்ற இருவரும் அதே வகுப்புத் தோழர்கள். ஒருமுறை பொம்மைகள், இன்னொருமுறை இரண்டு கினிப் பன்றிகள் (பெயர்தான் பன்றி; கையில் அடங்கும் சாதுவான கொறிவிலங்கு). விலங்குகள் இருந்தபோது ஆட்டிசம் உள்ள குழந்தை அதிகம் பேசியது, மற்றவர் முகத்தைப் பார்த்தது, சிரித்தது. அழுகையும் முகச்சுளிப்பும் குறைந்தன. தோழர்கள் அங்கே இருந்தபோது வந்த பலன் இது என்பதைக் கவனியுங்கள். தனியறையில் குழந்தையையும் விலங்கையும் மட்டும் வைத்தால் பேசுவதற்கு யார் இருக்கிறார்கள்?

ஆயத்தம் இல்லாமல் தொடங்காதீர்கள். ஒரு வாரம் முன்பே அந்த விலங்கின் படத்தையும், அமர்வின் படிகளைக் காட்டும் பட அட்டையையும் கொடுங்கள். அதே விலங்கு, அதே விரிப்பு, அதே நேரம். மாற்றம் வந்தால் முதல் நாளே சொல்லுங்கள். ஈர மூக்கும் ரோமமும் பொறுக்காத குழந்தைக்கு நீளக் கைப்பிடி உள்ள தூரிகையைக் கொடுத்துத் தொடங்கலாம். சில வாரங்களில் கைப்பிடியின் நீளத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். நாயின் குரைப்பும், கழுத்துப்பட்டையில் தொங்கும் உலோக வில்லைகளின் சத்தமும் சில குழந்தைகளுக்குத் தாங்காது. வில்லைகளைக் கழற்றி வையுங்கள், அல்லது துணியால் சுற்றுங்கள். இறுக்கிப் பிடிக்கும் பழக்கம் உள்ள குழந்தைக்குச் சிறிய விலங்கைக் கையில் தரவே கூடாது.

ஏ.டி.ஹெச்.டி. (கவனம் நிலைக்காமை, அதீதத் துறுதுறுப்பு) உள்ள குழந்தைக்கு?

ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைகளிடம் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில், சமூகத் திறன் பயிற்சியோடு நாயும் சேர்ந்தபோது கவனமும் பழகும் திறனும் கூடுதலாக முன்னேறின. அதீத ஓட்டத்திலும் அவசரத்திலும் வேறுபாடு தெரியவில்லை. ஆகவே இலக்கைக் கவனம், தன் முறை வரும்வரை காத்திருத்தல் ஆகியவற்றில் வையுங்கள். கையால் சைகை காட்டி நாயை “இரு” என்று நிறுத்துவது அருமையான பயிற்சி. நாய் அசையாமல் இருக்க வேண்டுமானால் காட்டுபவரும் அசையாமல் நிற்க வேண்டும். ஐந்து வினாடியில் தொடங்கி முப்பது வரை கொண்டுபோகலாம்.

ஓர் அமர்வுக்கு என்னென்ன ஏற்பாடு வேண்டும்?

விலங்கு கால்மணி நேரம் முன்பே வர வேண்டும். வெளியே போய் மலசலம் கழித்து, தண்ணீர் குடித்து, அறையை மோந்து பார்த்து அடங்க அந்த நேரம் தேவை. நேரே வண்டியிலிருந்து இறக்கிப் பிள்ளைகள் நடுவே விடுவதுதான் பல அமர்வுகள் கெடுவதற்குக் காரணம்.

அறை அமைதியாக, மணியோசைக்குத் தள்ளி இருக்கட்டும். வழுக்கும் தரையில் நாயின் கால் சறுக்கும், சறுக்கினால் பதற்றம் வரும், விரிப்பு அவசியம். ஒரு மூலையில் நாயின் சொந்தப் பாய். அங்கே அது போய்ப் படுத்துவிட்டால் எந்தக் குழந்தையும் நெருங்கக் கூடாது. இந்த ஒரு விதிக்கு விலக்கே வேண்டாம்.

பெரியவர்கள் இருவர் வேண்டும். ஒருவர் விலங்கை மட்டும் பார்ப்பார், இன்னொருவர் குழந்தையை மட்டும். ஆள் பற்றாக்குறை என்று ஒருவரே இரண்டையும் பார்க்கும்போது நாயின் முதல் எச்சரிக்கை கண்ணில் படாமல் போகிறது. ஒரு விலங்குக்குக் குழந்தைகள் மூன்று நான்கு பேருக்கு மேல் வேண்டாம். நாயைப் பிடித்திருக்கும் வார் 1.8 மீட்டருக்கு மேல் நீளக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் வாரும், கழுத்தை நெரிக்கும் சங்கிலியும், முள் பட்டையும் கூடாது.

அரைமணி அமர்வு என்றால் வணக்கம் சொல்லிப் பழக மூன்று நான்கு நிமிடம், இலக்குக்கான வேலை 15 முதல் 20 நிமிடம், பிறகு தண்ணீர் வைத்துவிட்டு விடைபெறுதல், கடைசியில் கைகழுவல். தொடுவதற்கு ஒரு முறை உண்டு, அதை முதல் அமர்வு முழுக்கப் பழக்கினாலும் தகும். முதலில் கையாள்பவரிடம் அனுமதி கேட்க வேண்டும். பிறகு நாயிடம் கேட்க வேண்டும்: பக்கவாட்டாக நின்று, கையைத் தொங்கவிட்டு, மூன்று வினாடி காத்திருப்பது. அது கிட்ட வந்தால் மார்பிலோ விலாவிலோ மூன்று வினாடி தடவிவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். நாய் மேலே சாய்ந்தால் தொடரலாம். தலையைத் திருப்பினால் “இன்னைக்கு வேண்டாமாம்” என்று விட்டுவிட வேண்டும். இன்னொருவர் உடம்பின் மேல் நமக்கு உரிமை இல்லை என்பதைக் குழந்தை கையாலேயே கற்றுக்கொள்ளும் இடம் இதுதான்.

எந்த விலங்கு நல்லது?

பெரும்பாலும் நாய். பழக்கும் முறையும், சோதித்துப் பார்க்கும் முறையும் நாய்க்குத்தான் நன்கு வளர்ந்திருக்கின்றன. குட்டி நாய் பார்க்க அழகு, வேலைக்கு ஆகாது: பல் முளைக்கும், கடித்து விளையாடும், தடுப்பூசி முடிந்திருக்காது. குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு ஆனபின் தொடங்குவது இன்னும் நல்லது.

கினிப் பன்றி சிறிய வகுப்புக்கு ஏற்றது. தனியாக வளர்த்தால் வாடும், ஜோடியாகவே வைக்க வேண்டும். மனிதரைப்போல் அதன் உடலிலும் வைட்டமின் சி உருவாகாது என்பதால் தினமும் உணவில் கொடுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் குழந்தையின் மடியில் துண்டை விரித்து வையுங்கள். நின்றுகொண்டு தூக்கினால் விழுந்து எலும்பு முறியும். முயலுக்குத் தூக்கினாலே பயம். உதறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறியலாம். தரையில் அது தானாக வரும்வரை காத்திருப்பதுதான் வழி. ஹாம்ஸ்டர் என்ற எலி போன்ற வளர்ப்புப் பிராணி பகலில் தூங்கும் உயிர். பள்ளி நேரத்தில் எழுப்பினால் கடிக்கும், அது அதன் தப்பில்லை. ஆமையும் கோழிக்குஞ்சும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும். ஐந்து வயதுக்குட்பட்டோர் தொடவே கூடாது. காட்டு விலங்கு எதுவும் வேண்டாம். ரோமம் ஒத்துக்கொள்ளாத வகுப்புக்கு மீன்தொட்டி இருக்கிறது.

குதிரை தனிக் கதை. அது நடக்கும்போது சவாரி செய்பவரின் இடுப்பு, மனிதர் நடக்கும்போது அசைவதைப் போலவே மூன்று திசைகளில் அசைகிறது. பெருமூளை வாதம் உள்ள குழந்தைக்கு இயன்முறை மருத்துவர்கள் அதைப் பயன்படுத்துவது இதனால்தான். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்குக் கழுத்து முள்ளெலும்புகள் உறுதியாக இருக்கின்றனவா என்று மருத்துவர் பார்த்துச் சொன்னபிறகே ஏற்ற வேண்டும்.

எங்கள் வீட்டு நாய் ரொம்பச் சாது. அதையே கூட்டிவரலாமா?

வீட்டில் சாதுவாக இருப்பது போதாது. தெரியாத இருபது குழந்தைகள் உள்ள இடத்தில் எப்படி இருக்கிறது என்பதுதான் கேள்வி. சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் பக்கத்தில் வந்தால் என்ன செய்கிறது? முதுகுக்குப் பின்னால் உலோகத் தட்டு விழுந்தால் திடுக்கிடுவது இயல்பு. சில வினாடிகளில் மீள்கிறதா? வாலைப் பிடித்தால், பாதத்தை அமுக்கினால்? கீழே விழுந்த பிஸ்கட்டை “விடு” என்றால் விடுகிறதா? இன்னொரு நாயைக் கடந்து போக முடிகிறதா? எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் நாய்கூடப் பொருத்தமானதாக இருக்க வேண்டியதில்லை. பொறுத்துக்கொள்ளும் நாய் வேறு, மனிதரைத் தேடிப் போகும் நாய் வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

1977-இல் அமெரிக்காவில் தொடங்கிய பெட் பார்ட்னர்ஸ் போன்ற அமைப்புகள் நாயையும் கையாள்பவரையும் ஒரே ஜோடியாகச் சோதிக்கின்றன, இரண்டாண்டுக்கு ஒருமுறை மறுபடியும் சோதிக்கின்றன. நாய் தேறி, கையாள்பவர் தேறாமல் போவதும் உண்டு.

பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய் போன்ற சேவை நாயோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது ஒரு தனி மனிதருக்கு உரியது. வேலையில் இருக்கும்போது மற்றவர் தொடக் கூடாது.

நாய்க்கு இது கஷ்டமாக இருக்காதா?

இருக்கலாம். யாரும் கேட்காவிட்டாலும் கேட்க வேண்டிய கேள்வி இது. பசியில்லாமலே உதட்டை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, நனையாமலே உடம்பை உதறுவது, காதை ஒட்டவைப்பது, வெயில் இல்லாமலே இரைப்பது, கையாள்பவரின் காலுக்குப் பின்னால் ஒளிவது, தின்பண்டத்தை மறுப்பது எல்லாமே “போதும்” என்பதன் வடிவங்கள். இவற்றில் பயப்பட வேண்டியது, சட்டென்று உறைந்து நிற்பது. அடுத்தது உறுமல், அதற்கடுத்தது பல். உறுமலுக்காக நாயைத் திட்டினால் அது உறுமலை விட்டுவிடும். அப்புறம் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும்.

சிறு பிள்ளைகள் பல்லைக் காட்டும் நாயைச் சிரிக்கிறது என்று நினைப்பதுண்டு. அதனால் நாயின் முகபாவங்களைப் படங்களாகக் காட்டிப் பழக்கிய பிறகே அமர்வு தொடங்க வேண்டும். அமர்வை நிறுத்தும் அதிகாரம் கையாள்பவருக்கு முழுதாக இருக்க வேண்டும். தலைமையாசிரியர் விருந்தினரோடு வந்து நின்றாலும், புகைப்படம் எடுக்கக் காத்திருந்தாலும், “இன்னைக்கு இவ்வளவுதான்” என்றால் அவ்வளவுதான். ஒரு நாளைக்கு மொத்தம் இரண்டு மணி நேரம் என்பது பெட் பார்ட்னர்ஸ் வைத்திருக்கும் உச்சவரம்பு. எங்கள் கணிப்பில், குழந்தைகளோடு முக்கால் மணி நேரம் தொடர்ந்தாலே இடைவேளை தேவை.

ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருந்தால்?

நடத்தலாம், ஏற்பாட்டோடு. ஒவ்வாமை தராத இனம் என்று எதுவும் இல்லை. அப்படிச் சொல்லி விற்கப்படும் நாய்கள் உள்ள வீடுகளையும் மற்ற நாய்கள் உள்ள வீடுகளையும் 2011-இல் ஒப்பிட்டபோது, தூசியில் இருந்த ஒவ்வாமைப் புரதத்தில் வேறுபாடு இல்லை. காரணம், அது ரோமத்தில் மட்டும் இருப்பதில்லை; உமிழ்நீரிலும் உதிரும் தோலிலும் இருக்கிறது.

தொடங்குமுன் எல்லாப் பெற்றோரிடமும் எழுத்தில் கேளுங்கள். ஆஸ்துமாவைத் தனியாகக் கேளுங்கள். அமர்வு நடக்கும் அறை யாருடைய வகுப்பறையாகவும் இருக்கக் கூடாது. துணிக் கம்பளம் இல்லாத தரை, முடிந்ததும் ஈரத் துணியால் துடைப்பு. விளக்குமாறு தூசியைக் கிளப்பும், வேண்டாம். வருகைக்கு முந்தைய 24 மணி நேரத்துக்குள் நாயைக் குளிப்பாட்டியிருக்க வேண்டும். மடியில் விரித்த துண்டு அங்கேயே துவைக்கப் போகட்டும், ஏனென்றால் ஒட்டிய புரதம் உடையோடு அடுத்த வகுப்புக்குப் போகும்.

நோய் தொற்றாதா?

கால்நடை மருத்துவரின் சான்று கையில் இல்லாமல் விலங்கை வாசலில் விடாதீர்கள். ரேபிஸ், எலிக்காய்ச்சல் தடுப்பூசிகள், குடற்புழு நீக்கம், உண்ணி–தெள்ளு மருந்து, ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை, படர்தாமரை இல்லை என்ற உறுதி, வெட்டி மழுக்கிய நகம். பச்சை இறைச்சி தின்னும் நாயைச் சேர்க்கவே கூடாது. அதற்கு ஒன்றும் ஆகாமலே சால்மோனெல்லாவை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். முகத்தை நக்கவிடாதீர்கள், புண் உள்ள கையை மூடுங்கள், அறையில் எதையும் தின்னக் கூடாது. தொட்டபின் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 20 வினாடி. கை சுத்திகரிப்பான் ஜெல் மட்டும் போதாது. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் அதற்கு அசையாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தை, எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுக்கும் குழந்தை ஆகியோருக்கு அவர்கள் மருத்துவரின் எழுத்துமூல ஒப்புதல் தேவை.

என் குழந்தைக்கு நாய் என்றாலே பயம். கட்டாயப்படுத்துவார்களா?

கட்டாயப்படுத்தினால் அந்தப் பள்ளியில் இதை நிறுத்தச் சொல்லுங்கள். “ஒண்ணும் பண்ணாது, சும்மா தொடு” என்பதைப் போல் பயத்தை வளர்க்கும் சொல் வேறில்லை. சேர விரும்பாத குழந்தைக்கு, காரணம் பயமோ வீட்டு நம்பிக்கையோ, அதே நேரத்தில் அதே அளவு பிடித்தமான வேறொரு வேலை இருக்க வேண்டும். நாய் நடக்கும் பாதையும் நேரமும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நடைக்கூடத்தின் திருப்பத்தில் திடீரென்று எதிர்ப்படக் கூடாது.

பயத்தைப் போக்குவதே இலக்கு என்றால் உளவியலாளர் படிப்படியாகச் செய்வார்: முதலில் படம், பிறகு ஜன்னல் வழியே, பிறகு மைதானத்தின் மறுகோடி, பிறகு முதுகு காட்டிப் படுத்திருக்கும் நாய்க்கு எட்ட நின்று பிஸ்கட் எறிதல். அடுத்த படிக்கு எப்போது போவது என்பதைக் குழந்தைதான் சொல்லும்.

யாருக்கு இது வேண்டவே வேண்டாம்?

விலங்குகளைத் துன்புறுத்திய பழக்கம் உள்ள குழந்தைக்கு. நாயோடு இருந்தால் அன்பு வந்துவிடும் என்று நம்பி அனுப்புகிறார்கள்; அதன் விலையை நாய் கொடுக்கும். அந்தப் பழக்கம் குழந்தை வேறெங்கோ அடிபடுவதன் அடையாளமாகவும் இருக்கலாம், முதலில் அதைப் பாருங்கள். கட்டுப்படாத ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் வேண்டாம். வீட்டு நாயை அண்மையில் இழந்த குழந்தைக்கு, பெற்றோரிடம் பேசிய பிறகு.

கடித்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

காயத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவரிடம் போக வேண்டும். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், வெறும் கீறலாக இருந்தாலும் இதே விதி. கையிலும் முகத்திலும் பட்ட கடி சீக்கிரம் சீழ் பிடிக்கும். பெற்றோருக்கு அதே மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். அந்த நாயின் பணி அன்றோடு நிற்கும். காப்பீடு யார் பெயரில், பொறுப்பு யாருடையது என்பதை முதல் அமர்வுக்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

பயன் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எண்ணுங்கள். நாய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரம், பத்து நிமிடத்தில் குழந்தை தானாக எத்தனை முறை பேச்சைத் தொடங்கியது, அல்லது எத்தனை முறை இடத்தைவிட்டு எழுந்தது என்று ஒரே ஒரு நடத்தையை எடுத்துக் குறியுங்கள். அதையே அமர்வு தொடங்கியபின் வாரம் ஒருமுறை எடுங்கள். முக்கியமாக, நாய் இல்லாத வகுப்பிலும் எடுங்கள். முதல் இரண்டு மூன்று வாரத்து உற்சாகம் புதுமையால் வருவது. அதை முன்னேற்றம் என்று எழுதிவிடாதீர்கள். எட்டு வாரம் கழித்து உட்கார்ந்து பாருங்கள்.

நாய் இருந்தால் மட்டும் பேசும் குழந்தைக்கு வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. நாயைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கவைத்து, பிறகு கதவருகே, பிறகு மேசையில் அதன் படம் மட்டும், பிறகு அதுவும் இல்லாமல் என்று விலக்கிக்கொண்டே வர வேண்டும். இந்தக் கட்டத்தைத் திட்டத்தில் சேர்க்க மறப்பவர்கள் நிறையப் பேர்.

பள்ளியே ஒரு நாயை வளர்க்கலாமா?

பள்ளிக்குச் சொந்தமான நாய் யாருக்கும் சொந்தமில்லாத நாயாகிவிடும். விடுமுறையில் யார் சோறு வைப்பார்கள் என்ற கேள்வியிலேயே திட்டம் உடையும். அங்கே வேலை பார்க்கும் ஒருவரின் நாயாக, மாலையில் அவரோடு வீட்டுக்குப் போகும் நாயாக இருக்கட்டும். அவர் விடுப்பில் இருந்தால் நாயும் விடுப்பு.

அந்த நாய்க்கு வயதாகிவிட்டால், அல்லது இறந்துபோனால்?

மூட்டுவலியோ, காது மந்தமோ, அமர்வுக்குக் கிளம்பும்போது முன்பிருந்த துள்ளல் இல்லாமலோ போனால் ஓய்வு கொடுக்க வேண்டிய நேரம். திடீரென்று நிறுத்தாமல் கடைசி அமர்வு எது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். விடைபெற வாய்ப்புக் கொடுங்கள். இறந்துவிட்டால் “ஊருக்குப் போயிருக்கு”, “தூங்கிடுச்சு” என்று சொல்லாதீர்கள். தூங்கிவிட்டது என்று கேட்ட சின்னக் குழந்தை இரவில் படுக்கப் பயப்படும். செத்துப்போய்விட்டது, அதன் உடம்பு இனி வேலை செய்யாது, அதற்கு வலிக்காது, நீங்கள் யாரும் செய்த எதனாலும் இது நடக்கவில்லை என்று அதே சொற்களில் சொல்லுங்கள். கடைசி வரியை இரண்டுமுறை சொல்லுங்கள், ஏனென்றால் போன வாரம் நாயின் காலை மிதித்த குழந்தை ஒன்று அந்த வகுப்பில் இருக்கும்.